வீட்டில் செய்த கேக்தான், ஆனாலும் அது காலைச் சாப்பாடு ஆகாது

கேள்வி: வயது 34, எடை 55 கிலோ. ஒரு வருடமாக முழுச் சைவம், முட்டையையும் விட்டுவிட்டேன். பால் என்றால் காபியில் சேருவதுதான். முழு கோதுமை மாவு, பிரவுன் சுகர், கொஞ்சம் பாதாம் போட்டு முட்டையில்லாத கேக்கை வீட்டிலேயே செய்கிறேன். பெரும்பாலும் காலையில் அதில் இரண்டு துண்டும் ஒரு காபியும்தான். சில மாதங்களாக ஒரே சோர்வு, பாதம் மரத்துப் போகிறது. ஹீமோகுளோபின் 10.4. சைவம்தான் காரணமா? கேக்கில் முட்டை சேர்த்தால் சரியாகுமா?

பதில்: முட்டை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு கேக்குக்கு மூன்று முட்டை போட்டு எட்டுத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு அரை முட்டைகூட வராது, அதில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆளி விதையை அரைத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் போடுகிறீர்களோ தயிர் சேர்க்கிறீர்களோ, தாராளமாகத் தொடருங்கள். (என் முதல் முட்டையில்லாத கேக் செங்கல் மாதிரி வந்தது, அதனால் உங்கள் மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.)

சைவத்தையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். சிக்கல் அந்தக் காலைத் தட்டில் இருக்கிறது. வழக்கமான அளவில், 200 கிராம் மாவுக்கு 200 கிராம் சர்க்கரை போட்டால் எட்டில் ஒரு துண்டில் 25 கிராம் சர்க்கரை. இரண்டு துண்டில் 50. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, உணவில் நாமாகச் சேர்க்கும் சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே 50 கிராம்தான், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். அதை நீங்கள் பொழுது விடிந்ததுமே முடித்துவிடுகிறீர்கள். பிரவுன் சுகர், தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சர்க்கரைதான், நிறத்துக்குச் சலுகை கிடையாது.

வயிறு நிறைந்துவிடுவதால் அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, சோயா, கீரை எதுவும் வருவதில்லை. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும், இரண்டு துண்டு கேக்கில் பாதாமையும் சேர்த்துப் பார்த்தாலும் பத்து கிராம் தேறுவது கஷ்டம். இரும்புச்சத்துக்கும் இதே கதைதான், கூடவே காபி வேறு. தாவர உணவில் உள்ள இரும்பை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளாது, சாப்பாட்டோடு காபியோ டீயோ குடித்தால் அதுவும் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பயறோடு எலுமிச்சையோ கொய்யாவோ ஆரஞ்சோ இருந்தால் வைட்டமின் சி அந்த இரும்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சோர்வு இல்லை, பாதம் மரத்துப் போவதுதான். வைட்டமின் பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கப்படும், ரத்தமும் குறையும். தாவர உணவில் நம்பத்தகுந்த அளவு பி12 கிடையாது, பால், தயிர், முட்டை, அல்லது பி12 சேர்த்த உணவு, மாத்திரை, இவைதான் வழி. நீங்கள் முட்டையையும் விட்டு, பாலும் குடிக்காமல் இருக்கிறீர்கள், காபியில் விழும் பால் எந்த மூலைக்கு?

அதனால் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து பி12, ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது), ரத்தச் சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், உங்கள் வயதில் ஹீமோகுளோபின் குறைய அது ரொம்பச் சாதாரணமான காரணம். அதற்குள் நீங்களாகவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வாங்கிப் போட ஆரம்பிக்காதீர்கள், ரத்த அளவு மட்டும் தேறிவிடும், பி12 குறைவு வெளியே தெரியாமல் நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

கேக்கை விடச் சொல்லவில்லை. சர்க்கரையில் கால் பங்கைக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலான கேக்குகள் அதைத் தாங்கும். எட்டுக்குப் பதில் பன்னிரண்டாக வெட்டுங்கள், மதியம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, புட்டிங், ஜெல்லி பக்கம் போனால் ஜெலட்டின் வேண்டாம், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகர் அதே வேலையைச் செய்யும்.