கழுகு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது எதனால்?

மகளோடு போய்ப் பார்த்த கழுகு வாயைத் திறந்து மூச்சு வாங்கியதையும், காலில் வார் கட்டியிருந்ததையும் சொல்லி, கொடுமைப்படுத்துகிறார்களோ என்று கேட்டிருந்தீர்கள். மூச்சு வாங்கியது பெரும்பாலும் வெக்கையால்தான், கொடுமையால் இல்லை. பறவைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். நீங்கள் அமெரிக்காவின் செயின்ட் பாலில் உள்ள மினசோட்டா பல்கலைக்கழக ராப்டர் சென்டருக்கு (அடிபட்ட கழுகு, பருந்து போன்ற வேட்டைப் பறவைகளுக்கான மருத்துவமனை) போனது ஜூலை மதியம், கழுகை வெளியே வைத்துத்தான் காட்டினார்கள் என்கிறீர்களே.

காலில் இருந்த தோல்வார், பறவையை ஏந்தி நிற்பவரின் கையுறையிலிருந்து திடீரென்று எழும்பி எங்காவது மோதி அடிபடாமல் இருப்பதற்கு.

"காப்பாற்றியபின் ஏன் பறக்கவிடவில்லை?" என்று மகள் கேட்டதும் நியாயமே. நமக்குக் காட்டுவது, வெளியே வேட்டையாடிப் பிழைக்க முடியாத பறவைகளை. சிகிச்சையில் இருப்பவற்றை மனிதர் கண்ணில் படாமல்தான் வைப்பார்கள். பழகிவிட்டால் காட்டுக்கு ஆகாது. அவற்றில் உடம்பில் ஈய நஞ்சு ஏறிய வெண்தலைக் கழுகுகளும் இருக்கும். வேடர்கள் சுட்ட மானின் மிச்சத்தில் கிடக்கும் ஈயக் குண்டுத்துகள், அதைத் தின்னும் கழுகின் வயிற்றுக்குள் போய்விடுகிறது, பாவம்.

அடுத்த முறை இதைப் பாருங்கள்:

1. இறகு தளர்ந்து, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு நின்றால் நிம்மதியாக இருக்கிறது.
2. இறகை உடம்போடு ஒட்டி, ஒல்லியாக நிமிர்ந்தால் மிரண்டிருக்கிறது. சற்றுப் பின்வாங்குங்கள்.

ஆனால் குளிர்ந்த அறையிலும் வாய் திறந்தே இருந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினால் அது நோயாக இருக்கலாம். பறவையை வைத்திருப்பவரிடம் உடனே சொல்லிவிடுங்கள், தயங்க வேண்டாம்.