கூடையில் 1 பொருட்கள்!

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கும் என் அத்தைக்காக இணையதளம் செய்கிறேன். கூடையில் ஒன்றே ஒன்று போட்டாலும் ‘1 பொருட்கள் உள்ளன’ என்று காட்டுகிறது. எண் ஒன்றைத் தாண்டினால் மட்டும் ‘கள்’ ஒட்டும்படி நிரல் எழுதிவிடலாமா? — வாசகி, ராயபுரம்

பதில்: ஒட்டாதீர்கள், அம்மா. தண்டையார்பேட்டைக் கடை ஒன்றுக்கு நான் அப்படி ஒட்டப்போய், ‘3 படம்கள்’ என்று வந்து முதலாளி சிரித்துவிட்டார். படம், படங்கள் ஆகும். ‘உள்ளது’ என்பதும் ‘உள்ளன’ ஆகும். எனவே முழு வாக்கியத்தையே ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என எழுதுங்கள். நிரலில் வரும் வாக்கியங்களை மொழிபெயர்த்துக் காட்ட உதவும் ‘கெட்டெக்ஸ்ட்’ (gettext) என்ற கருவியில் ‘என்கெட்டெக்ஸ்ட்’ (ngettext) என்ற செயற்கூறு இரண்டு வாக்கியங்களையும் எண்ணிக்கையையும் வாங்கிக்கொண்டு, மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பகுதியில் உள்ள பன்மை விதிப்படி பொருத்தமானதைத் தரும். விதியை நிரலுக்குள் புதைத்தால், ரஷ்ய மொழி 3 வடிவங்களும் அரபு 6 வடிவங்களும் கேட்கும்போது விழிப்பீர்கள். ஜப்பானியருக்கு ஒன்றே போதும், கொடுத்துவைத்தவர்கள்!

தமிழுக்கு வழக்கமாகத் தரும் விதியில் 0 பன்மைப் பக்கம் விழும். ‘0 பொருட்கள் உள்ளன’ என்று அசடு வழியாமல், ‘கூடை காலி’ என்று தனியாகவே எழுதிவிடுங்கள். மீன் பெயர்களைத் தொடவே வேண்டாம். உங்கள் அத்தை ‘2 வஞ்சிரம்’ என்றுதான் சொல்வார்; எண் முன்னால் நின்றால் அஃறிணைக்குக் ‘கள்’ கட்டாயமில்லை.