மேய்ச்சல் காட்டில் செடி வைத்தால் மண் தேறுமா?

காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் புல் தேய்ந்துபோன 2 ஏக்கர் இருக்கிறது, புதர்ச்செடி நட்டால் மண் மாறுமா என்பது கேள்வி.

மாறும். ஆனால் முதலில் மாறுவது செடியின் நிழல் விழும் வட்டமும் மேல் 10 செ.மீ. மண்ணும்தான். 4×2 மீட்டரில் நட்டால் ஏக்கருக்கு 500 செடி. தழை 1 மீட்டர் அகலம் படர்ந்தாலும் மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்குதான் மூடும். மீதி ஒன்பது பங்கைத் தேற்ற வேண்டியது கொழுக்கட்டைப்புல். செடி வைத்ததாலேயே காடு முழுக்க மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது வேலி அடைத்து ஆடுமாடு மிதிக்காமல் விட்டதன் பலன். அதனால் ஒரு துண்டை வேலி மட்டும் போட்டு, செடி வைக்காமல் விடுங்கள். ஒப்பிட அதுதான் உதவும்.

மிதிபட்ட மண்ணைக் கொத்தினால் அப்பளம் போலத் தகடாகப் பெயரும். புதரடி மண் சல்லிவேரோடு பொலபொலவென உதிரும். தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்க்க, 15 செ.மீ. அகல டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, 5 செ.மீ. ஆழம் மண்ணில் இறக்கி, 450 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். அது 25 மி.மீ. மழைக்குச் சமம். உறிஞ்ச எத்தனை நிமிடம் ஆகிறது என்று புதரடியிலும் வெட்டவெளியிலும் குறித்து வையுங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது இரண்டு இடத்து மண்ணையும் கலந்துவிட்டால் வித்தியாசமே தெரியாது. தனித்தனிப் பையில் போடுங்கள். சருகை ஒதுக்கிவிட்டு எடுங்கள், ஒவ்வொரு வருடமும் ஒரே பருவத்தில் எடுங்கள். மண் அடர்த்தியும் கட்டாயம் பார்க்க வேண்டும். மண்ணில் மக்கிய பொருளில் உள்ள கரிமம் 0.40 சதவீதத்திலிருந்து 0.50 ஆனால் கால் பங்கு கூடியதாகத் தோன்றும். அதே சமயம் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.6 கிராமிலிருந்து 1.4ஆகக் குறைந்திருந்தால், மேல் 10 செ.மீ.யில் ஹெக்டேருக்கு 6.4 டன் கரிமம் இருந்தது 7.0 ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

எந்தச் செடி? ஆவாரையை ஆடு அவ்வளவாகத் தொடாது, வறட்சியும் தாங்கும். ஆனால் அவரை போலக் காய் காய்ப்பதை வைத்து அது தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும் என்று நினைக்க வேண்டாம், காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு அதற்குக் கிடையாது. தீவனச் செடியான வேலிமசாலுக்கு உண்டு. ஆட்டுக்கும் பிடிக்கும், சிக்கலும் அதுதான். நிழலில் படுக்கும் ஆடு போடும் புழுக்கையால் புதரடியில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கூடும். அது வேறு இடத்தில் மேய்ந்ததைக் கொண்டுவந்து கொட்டிய சத்து, செடி உண்டாக்கியது இல்லை. சீமைக்கருவேலத்தின் அடியிலும் மண் தேறும், ஆனால் புல் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஒரு அடி ஆழ அகலக் குழியில் நடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்பு போடுங்கள். செடி இடுப்புயரம் வந்து தண்டு தடிக்கும் வரை ஆட்டை விடக்கூடாது. அதன்பிறகும் மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாட்களில் மாட்டை உள்ளே விடாதீர்கள். ஈர மண்தான் குளம்பு பட்டு இறுகும்.