சண்டையில் தோற்ற மீன் ஏன் வளர்வதில்லை? மீன் வளர்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒரே நாளில் வாங்கிய ஆறு ஜிலேபிக் குஞ்சுகள். ஒன்று கொழுகொழுவென்று இருக்கிறது, ஒன்று மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. தீனி போதவில்லையா?

பதில்: தீனியை இரட்டிப்பாக்கினாலும் மூலை மீன் தேறாது, தம்பி. மேலோங்கிய மீன் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஓயாமல் துரத்தப்படும் மீனின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இறங்காமல் நிற்கும். அது பசியை அடக்கும், உடம்பில் சேர்த்து வைத்ததையும் கரைக்கும். ட்ரவுட் மீன்களில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். சீக்கு என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள், பாவம். துரத்துகிறதை மட்டும் எடுத்தால் அடுத்தது தலையெடுக்கும். கல், உடைந்த மண்சட்டி போட்டு ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாமல் மறையுங்கள். தீனியையும் ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாகத் தூவுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க நீந்துகிற மீன், சண்டையில் மட்டும் சீக்கிரம் களைத்துவிடுகிறதே?

பதில்: நீந்துவது ஒரு தசை, பாய்வது வேறு தசை. சூரை மீனை வெட்டும்போது பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும், பார்த்திருப்பீர்கள். அது ஆக்சிஜனில் ஓடும், அசராது. ஜிலேபியில் அது தோலடியில் மெல்லிய கீற்றுதான், மற்றதெல்லாம் வெள்ளைத் தசை. பாய்ச்சலின்போது வெள்ளைத் தசை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் தன்னிடம் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜனை உடைக்கும், அதில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் தேங்கும். நம் தசை அதை ரத்தத்தில் விட்டுவிடும். மீன் தசையோ பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பக் கிளைகோஜனாக்கும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மறுபடி துரத்தினால், தோற்ற மீன் எதை வைத்து ஓடும்?

கேள்வி: பெரிய மீன்தான் எப்போதும் ஜெயிக்குமா?

பதில்: பெரும்பாலும். ஆனால் அளவு மட்டுமே கணக்கல்ல. அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளில் நீல் மெட்காஃப் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வில், சும்மா இருக்கும்போதே அதிக ஆக்சிஜன் செலவழித்த குஞ்சுகள்தான் மேலோங்கின.

கேள்வி: கண்ணாடி காட்டிச் சண்டைக்குப் பழக்கலாமா சார்?

பதில்: வேண்டாம். ஆண் ஜிலேபிகளைக் கண்ணாடியோடு மோதவிட்டு ரூய் ஒலிவெய்ரா குழு 2005இல் எழுதியது இது: மீன் முழு மூச்சாகச் சண்டை போட்டது, ஆனால் ஆண் ஹார்மோன் ஏறவில்லை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லையே! உழைப்பு மட்டும் வீண்.

கேள்வி: எங்கள் ஆண் ஜிலேபி கருகருவென்று ஆகிவிட்டது. நோயா?

பதில்: தாடையடி வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்திருந்தால் நோய் இல்லை அம்மா, அதுதான் இப்போது தலைவன். தரையில் குழி பறிக்கிறதா என்று பாருங்கள். எதிரி முன்னால் அடிக்கடி சிறுநீர் விட்டு, அந்த வாசனையாலேயே தன் பலத்தைத் தெரிவிக்கும்.