பந்தல் போட்ட பிள்ளை

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் என் மூத்த மகனை வாளால் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். இளையவனுக்கு 15 வயது. அழுகையும் இல்லை, கதையும் இல்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறான். இப்படி உறவைப் பறிகொடுத்த பிள்ளைகளை ஒன்றாக இருத்திக் குழுவாக உளவளத்துணை கொடுக்கிறார்களாம், அனுப்பச் சொல்கிறார் ஆசிரியை. மற்றப் பிள்ளைகளின் கதையையும் கேட்டு இன்னும் உடைந்துபோவானோ? ஊர் வாய்க்கும் பயம்.
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அன்புத் தங்கச்சி, அனுப்புங்கள்.

செத்தவீட்டன்று அவன் என்ன செய்தான் என்று நினைத்துப் பாருங்கள். பெண்கள் நாங்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்போம். அந்த வயதுப் பெடியனுக்குப் பந்தல் போடவும் கதிரை அடுக்கவும் தேத்தண்ணி கொடுக்கவும்தான் வேலை. எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடிய, சனமும் போய்விடும். அவன் அழுவதற்கு ஒரு நேரம் வரவேயில்லை. இப்போது அழுதால் அம்மா தாங்கமாட்டா என்று அடக்குகிறான் போலத்தான் எனக்குப் படுகிறது.

வருத்தம் வந்து போன சாவு மாதிரி இல்லை இது. அண்ணனை நினைத்தால் முகத்துக்கு முன்னால் இரத்தம் வந்து நிற்கும். 'நானும் கூடப் போயிருந்தால்' என்று மனம் குத்தும். வெட்டினவனை வெட்ட வேண்டும் என்றும் தோன்றும். இதை எந்தப் பிள்ளை தாயிடம் சொல்லும்? இன்னொரு பெடியன் "எனக்கும் அப்படித்தான்" என்று சொன்னால் இவனுக்கு மூச்சு வரும். போஸ்னியாவில் 1995இல் போர் முடிந்த பிறகு பாடசாலைகளிலேயே இப்படிக் குழுக்கள் நடத்தினார்கள், பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. ஒழுங்காக நடத்தும் குழுவில் எடுத்த உடனே சாவைக் கிளறமாட்டார்கள். நித்திரை, கோபம், படபடப்பை ஆற்றுவது என்று மெதுவாகத் தொடங்குவார்கள். வாய் திறக்காமல் இருந்து கேட்கவும் அவனுக்கு உரிமை உண்டு.

ஆனால் முதலில் நீங்கள் நேரில் போய்க் கதையுங்கள். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் எனக்குச் சரியாகப் படாது. முக்கியமாக, வெட்டிய பக்கத்துச் சொந்தக்காரப் பிள்ளை யாரும் அதற்குள் இருக்கக்கூடாது. சின்ன ஊர், இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். வழக்கில் உங்கள் மகன் சாட்சி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அங்கே கதைப்பது வெளியே வராது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உங்களுக்குச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தவனைத் தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள்.

ஊர் வாயா? 2009க்குப் பிறகு வன்னியில் சாவு விழாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்து நாங்கள் பட்டது போதும், தங்கச்சி.

'இருந்து என்ன பிரயோசனம்' என்கிற மாதிரி அவன் ஏதாவது சொன்னால், பழிவாங்கப் போவதாகச் சொன்னால், குழு தொடங்கட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவென்றாலும் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

முதல் நாள் நீங்களே கூட்டிப் போய் வெளியே நில்லுங்கள். திரும்பி வரும் வழியில் மூத்தவன் சின்ன வயதில் செய்த குழப்படி ஒன்றைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அவனுக்கு முன்னாலேயே அழுங்கள்.