லாக்டிக் அமிலத்தை மட்டும் எடுக்க முடியுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஆய்வகத்தில் செல் வளர்ப்பு பழகிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை சிவப்பாக இருந்த ஊடகம் (செல்கள் வளரும் ஊட்டக் கரைசல்) திங்கட்கிழமை காலையில் மஞ்சளாகிக் கிடந்தது. லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்றார் வழிகாட்டி. முழு ஊடகத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவதற்குப் பதிலாக, அந்த அமிலத்தை மட்டும் உறிஞ்சும் பொருள் எதையாவது போட முடியாதா? சோடா உப்பே போதுமா?

ம., திருநகர், மதுரை

அன்புள்ள ம. அவர்களுக்கு,

சோடா உப்பை முதலில் முடித்துவிடுகிறேன். அதைச் சேர்த்தால் பி.எச். ஏறும், ஊடகத்தின் நிறங்காட்டியான ஃபீனால் ரெட் மறுபடி சிவக்கும்; ஆனால் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) இருந்த இடத்திலேயே இருக்கும், அதோடு சோடியமும் கூடிக் கரைசலின் சவ்வூடு அழுத்தம் உயரும். சித்திரை வெயிலில் புளித்துப்போன மாவில் சோடா உப்பைப் போட்டு இட்லி ஊற்றுவதற்கு ஒப்பானது அது.

அளவைக் கவனியுங்கள். குளுக்கோஸ் மிகுந்த டி.எம்.இ.எம். ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம், அதாவது 25 மில்லிமோல் குளுக்கோஸ் உண்டு. ஒரு குளுக்கோஸ் இரண்டு லாக்டேட்டாக உடைவதால், அத்தனையும் அந்த வழியில் போனால் 50 மில்லிமோல் வரை சேரக்கூடும். பல செல்வகைகள் அதற்கு வெகு முன்பே மந்தமாகிவிடும்.

லாக்டிக் அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது பாதி அமிலமாகவும் பாதி லாக்டேட்டாகவும் இருக்கும் பி.எச்., 3.86. ஆகவே பி.எச். 7.4 இல் சுமார் 3,500 மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் அமிலமாக இருக்கும். மற்றவை எல்லாம் எதிர்மின் சுமை கொண்ட லாக்டேட். நாம் பிடிக்க வேண்டியது அதைத்தான். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். அதற்காக வைத்திருக்கும் சாஃப்ட்னரை ஒருமுறை திறந்து பார்த்தேன்: உள்ளே ஜவ்வரிசியைவிடச் சிறியதாக, தேன் நிறத்தில் ரெசின் மணிகள். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. சோடியம் தீர்ந்ததும் கல்லுப்பைக் கொட்டி மறுபடி ஏற்ற வேண்டும். உங்களுக்குத் தேவையான எதிர்மின் அயனிப் பரிமாற்ற ரெசினும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. எதை வாங்குகிறது என்பதோடு எதைத் திருப்பித் தருகிறது, வேறு எதையெல்லாம் சேர்த்து வாங்குகிறது என்றும் கேட்டாக வேண்டும். டி.எம்.இ.எம். ஊடகத்தில் குளோரைடு மட்டுமே 100 மில்லிமோலுக்கு மேல் இருக்கிறது. பைகார்பனேட் 44 மில்லிமோல். இவற்றோடு பாஸ்பேட்டும் உண்டு. இந்தக் கூட்டத்தில் லாக்டேட்டை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆர்வம் சாதாரண ரெசினுக்குக் கிடையாது.

அடுத்தது, மக்னீசியம்–அலுமினிய அடுக்கு ஹைட்ராக்சைடு. நேர்மின் சுமை கொண்ட தகடுகளுக்கு இடையே எதிர்மின் அயனிகளை வைத்துக்கொள்ளும் களிமண் போன்ற பொருள் இது. சுட்டெடுத்த தூளைக் கரைசலில் போட்டால் அயனிகளை இழுத்துக்கொண்டு பழைய அடுக்கமைப்புக்குத் திரும்பும். ஆனால் கார்பனேட்டின்மீது அதற்குத் தனி மோகம். போதாததற்கு ஹைட்ராக்சைடை வெளியே விட்டு பி.எச்.சையும் ஏற்றிவிடும். (இதன் சுருக்கப் பெயரும் எல்.டி.எச்., லாக்டேட்டை உண்டாக்கும் நொதியின் சுருக்கப் பெயரும் எல்.டி.எச்.; தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.) கிளர்வூட்டிய கரி இந்த வேலைக்கு ஆகாது. சீரத்திலிருந்து ஸ்டீராய்டு ஹார்மோன்களை நீக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். நீரில் நன்றாகக் கரையும் லாக்டேட்டை விட்டுவிட்டு, செல்லுக்கு வேண்டியவற்றை அது வாரிக்கொள்ளும்.

எனவே பொருளைச் செல்களோடு சேர்த்துப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடையில் ஒரு டயாலிசிஸ் சவ்வை வைத்து, புரதங்களையும் செல்களையும் இந்தப் பக்கமும் ரெசினை அந்தப் பக்கமும் நிறுத்தலாம்; அப்போதும் இழந்த சிறு அயனிகளை ஈடுகட்ட வேண்டியிருக்கும். லாக்டேட் உருவாவதையே குறைப்பது இதைவிட எளிது: குளுக்கோஸைச் சிறிது சிறிதாக ஊட்டலாம், அல்லது செல்கள் மெதுவாகவே எடுத்துக்கொள்ளும் காலக்டோஸுக்கு மாறலாம், வளர்ச்சி சற்றுத் தாமதப்பட்டாலும்.

இருந்தும் ரெசினைச் சோதித்துப் பார்க்கும் ஆசை இருந்தால், பழைய ஊடகத்தில் தொடங்காதீர்கள். செல்லே படாத புதிய ஊடகத்தில் மணிகளை ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, பி.எச்.சைச் சரிசெய்து, அதில் செல்களை வளர்த்துப் பாருங்கள். அங்கேயே வளர்ச்சி குறைந்தால், மணிகள் லாக்டேட்டைச் சந்திப்பதற்கு முன்பே வேறெதையோ எடுத்துக்கொண்டன அல்லது வேண்டாததை விட்டுவிட்டன என்று பொருள். அதற்கும் முன்னால், அந்த மஞ்சள் குடுவையை நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்கள். ஊடகம் கலங்கியிருந்தால் அமிலத்துக்குக் காரணம் உங்கள் செல்களாக இல்லாமல் பாக்டீரியாவாகவும் இருக்கலாம்.