ஆபரேஷன் தியேட்டர்ல பிரிச்ச பாக்கெட்டெல்லாம் ஏன் குப்பைக்குப் போகுது?

கேள்வி: வணக்கம் அக்கா. என் மக இங்க ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தையல் நூலு, கிளிப்பு, பஞ்சுன்னு பிரிச்சு வெச்சு தொடாமலே தினமும் குப்பைல போடுறாங்கன்னு சொல்லி வருத்தப்படுறா. ஸ்டெரிலைஸ் பண்ணி மறுபடி யூஸ் பண்ணக் கூடாதா? - வாசகி, ஈசூன்

பதில்: உங்க மக வருத்தப்படுறது ரொம்ப நியாயம்மா. ஆனா ஒரு தடவைக்குன்னு செஞ்ச நூல மறுபடி ஸ்டெரிலைஸ் பண்ணா பழைய பலம் இருக்குமான்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது, நோயாளி உடம்புக்குள்ள போற சாமான் பாருங்க, அதனால பிரிச்சா போச்சுதான். வீணாப் போறத பிரிக்கிறதுக்கு முன்னாடியே தடுக்கணும்.

ஒவ்வொரு சர்ஜனுக்கும் இந்த ஆபரேஷனுக்கு இன்னின்னது வேணும்னு ஒரு லிஸ்ட் இருக்கும், பிரிஃபரன்ஸ் கார்டும்பாங்க. பல கார்டு எப்பவோ எழுதினது. டாக்டர் அந்த கிளிப்ப கையால தொட்டே வருஷக்கணக்காயிருக்கும், ஆனாலும் கார்டுல இருக்கேன்னு நர்ஸ் எடுத்து பிரிச்சு வெச்சிடுவாங்க, நடுவுல கேட்டு இல்லன்னா திட்டு விழுமேங்கற பயம் வேற. சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்கற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில 58 நியூரோசர்ஜரிக்கு, அதாவது மூளை, நரம்பு ஆபரேஷனுக்கு, கூடவே இருந்து கணக்கெடுத்தாங்க, ஒரு ஆபரேஷனுக்கு சராசரியா 653 அமெரிக்க டாலர் சாமான் யூஸ் ஆகாமலே வீணாப் போயிருக்கு. 2017ல வெளிவந்த ஆய்வு இது. காசு மட்டுமா, அதை செஞ்சு, பேக் பண்ணி, கப்பல்ல கொண்டாந்த கரன்ட், பிளாஸ்டிக், எண்ணெய் எல்லாமே சும்மா போச்சு!

கார்ட ரெண்டா பிரிச்சுட்டா பாதி பிரச்சனை தீரும். முதல்லயே பிரிக்க வேண்டியது ஒரு பக்கம், கைக்கு எட்டுற தூரத்துல வெச்சிருந்து சர்ஜன் கேட்டா மட்டும் பிரிக்கிறது இன்னொரு பக்கம். திடீர்னு ரத்தம் கொட்டினா உடனே தேவைப்படுறத மட்டும் டாக்டரே முதல் பக்கத்துல போடச் சொல்லட்டும், அதுல கஞ்சத்தனம் வேண்டாம். மத்ததெல்லாம் கவர கிழிக்க சில செகண்டுதான் ஆகும்.

இன்னொண்ணு, மஞ்சள் பை. ரத்தம் பட்டது, கிருமி உள்ளது போறதுக்குத்தான் அது, தனியா எடுத்துட்டுப் போய் எரிப்பாங்க, செலவும் ஜாஸ்தி. ஆஸ்பத்திரிக் குப்பைல சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நோயாளி உள்ள வர்றதுக்கு முன்னாடி பிரிக்கிற கவர், அட்டையெல்லாம் சுத்தமாத்தானே இருக்கு, அதை ஏன் மஞ்சள் பைல போடணும்? எந்தப் பையா இருந்தாலும் குப்பை குறையறது நல்லது, நம்ம சிங்கப்பூர்ல குப்பைய எரிச்ச சாம்பல் போய்ச் சேர இருக்கறது செமாக்காவ் தீவுக் குப்பைக்கிடங்கு ஒண்ணுதான், அதுவும் 2035 வாக்குல நிரம்பிடும்ங்கறாங்க.

உங்க மககிட்ட ஒண்ணு சொல்லுங்கம்மா. அவ அடிக்கடி நிக்கிற ஒரே ஒரு ஆபரேஷன எடுத்துக்கிட்டு, எதெது பிரிச்சும் தொடாமலே குப்பைக்குப் போகுதுன்னு ஒரு மாசம் எழுதி வெக்கட்டும். அந்தப் பேப்பர நர்ஸ் மேனேஜர்கிட்ட குடுத்து, சர்ஜனோட உக்காந்து கார்ட திருத்தச் சொல்லட்டும். எந்த சாமான், எத்தனை தடவைன்னு எழுத்துல இருந்தா பெரும்பாலான டாக்டருங்க ஒத்துப்பாங்க.